சாஞ்சியின் தானக் கல்வெட்டுகள்: கொடுத்தவர்கள் எந்தச் சமயத்தார்?

வேத்திரவதி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கடந்த குளிர்காலத்தில் மத்தியப் பிரதேசத்து விதிசாவில் (பழைய பெயர் விதிசை) இரண்டு நாள்கள் தங்கி, அங்கிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள சாஞ்சிக் குன்றையும், ஊரை ஒட்டிப் பேஸ்நகரில் நிற்கும் ஹெலியோடோரஸ் தூணையும் அடுத்தடுத்துப் பார்த்து வந்தேன். பள்ளி நாள்களிலிருந்தே "பௌத்தம் தழைத்த காலம்", "வைதிகம் மீண்டெழுந்த காலம்" என்று பழைய இந்தியாவை அடுக்கடுக்காகப் பிரித்தே மனத்தில் வைத்திருந்தேன். அந்தப் பிரிப்பு விதிசாவில் உதவவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். அசோகர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் செங்கல்லால் எழுப்பிய சாஞ்சித் தூபி என்ற பௌத்த நினைவு மேடு, அடுத்த நூற்றாண்டில் கல்லால் போர்த்தப்பட்டு ஏறக்குறைய இருமடங்கு அகலம் பெற்றது. இன்று நாம் காணும் 36.6 மீட்டர் விட்டமும் 16.46 மீட்டர் உயரமும் அந்தப் பெருக்கத்தின் விளைவே. அதே கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தட்சசீலத்திலிருந்து அந்தியால்கிதாஸ் என்ற யவன (கிரேக்க) அரசனின் தூதனாக வந்த ஹெலியோடோரஸ், தேவர்களுக்குத் தேவனான வாசுதேவனுக்கு ஒரு கருடத் தூணை நிறுத்தி, தன்னைப் "பாகவதன்" (வாசுதேவ பக்தன்) என்று அதில் எழுதிவைத்தான். விதிசாவை அப்போது ஆண்ட காசிபுத்திர பாகபத்திரனின் 14ஆம் ஆட்சியாண்டு என்ற குறிப்பும் அதில் உண்டு.

தூணின் இன்னொரு பக்கத்தில் இரண்டு வரிகள் உள்ளன: அடக்கம், துறவு, விழிப்பு ஆகிய மூன்று "அமுதப் படிகள்" நன்கு கடைப்பிடிக்கப்பட்டால் அவை சுவர்க்கத்துக்கு இட்டுச்செல்லும் என்பது அவற்றின் பொருள். தம், தியாக், அப்ரமாத் என்ற அந்த மும்மை மகாபாரதத்தின் ஸ்திரீ பருவத்திலும் வருகிறது. அதில் மூன்றாவதான "அப்ரமாதம்" தம்மபதத்தின் 21ஆம் பாடலில் "அப்பமாதோ அமதபதம்" என்று ஏறத்தாழ அதே சொற்களில் நிற்கிறது. வாசுதேவ பக்தனின் தூணும் பௌத்தரின் நூலும் ஒரே சொல்லை ஒரே பொருளில் ஆள்கின்றன என்றால், அந்த ஊரில் வாழ்ந்த சாதாரண மனிதர் தம்மை எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராகக் கருதியிருப்பார்? அப்படி ஒரு கேள்வியாவது அவருக்கு எழுந்திருக்குமா? கல்வெட்டுகளைப் படித்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

கல்லெழுத்து

நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள், நண்பரே. சாஞ்சியில் எண்ணூறுக்கும் மேற்பட்ட தானக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரே வரி: இன்ன ஊரைச் சேர்ந்த இன்னாருடைய தானம். வேதிகை எனப்படும் சுற்று வேலியின் ஒரு கம்பம், ஒரு குறுக்குக் கல், பாதையில் பதித்த ஒரு பலகைக் கல் ஆகியவற்றைக் கொடுத்தவர்கள் அந்தக் கல்லிலேயே தம் பெயரை வெட்டிவைத்தார்கள். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்ததற்கும் இந்த ஒற்றை வரிகளே வழிவிட்டன. சாஞ்சியிலிருந்து வந்த படிகளை அடுக்கிப் பார்த்த அவர், எல்லா வரிகளும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கவனித்து, கோயில்களிலும் தூபிகளிலும் அப்படித் திரும்பத் திரும்ப வரக்கூடிய சொல் "தானம்" என்று ஊகித்தார். அந்த ஊகத்திலிருந்தே மற்ற எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அசோகரை நமக்கு மீட்டுத் தந்த திறவுகோல், பெயர் தவிர வேறெதுவும் தெரியாத எளிய மனிதர்களின் கொடைச் சொல் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொடுத்தவர்கள் தம்மை அடையாளப்படுத்த எதையெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். முதலில் ஊர்: உச்சயினி, விதிசை, குரரம், நந்திநகரம், மாகிஷ்மதி, புஷ்கரம் என்று பெயர்கள் வருகின்றன, உச்சயினியிலிருந்து வந்தவர்கள் மிகுதி. அடுத்து உறவு: இன்னாருடைய தாய், இன்னாருடைய மனைவி. பிறகு தொழில்: செட்டி, வணிகன், நெசவாளன், தச்சன், அரசு எழுத்தன். துறவியாக இருந்தால் பிக்கு அல்லது பிக்குணி என்ற சொல். சில இடங்களில் ஒரு முழுக் கிராமமோ, "கோட்டி" எனப்படும் ஒரு குழுவோ சேர்ந்து கொடுத்திருக்கிறது. பௌத்தன் என்று சமயத்தைப் பெயராகச் சொல்லும் வழக்கம் இந்த வரிகளில் காணப்படுவதில்லை. ஒரு சிலர் உபாசகன், உபாசிகை (இல்லறத்தில் இருக்கும் பக்தர்) என்று சொல்லிக்கொள்கிறார்கள். பெரும்பாலோருக்கு அதுவும் தேவைப்படவில்லை.

பெயர்களே இன்னொரு சான்று. நாகதத்தன், யமரட்சிதன், விசுவதேவன், சிவநந்தி, உபேந்திரதத்தன் போன்ற பெயர்களைத் தாங்கியவர்கள் புத்தரின் தூபிக்குக் கல் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு நாகத்தின் பெயரையோ விஷ்ணுவின் பெயரையோ வைத்த பெற்றோரின் வீட்டு வழிபாடு எதுவாக இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம். இந்தப் பெயர்களைத் தொகுத்துப் பதிப்பித்த பியூலர், பிற்காலப் புராணத் தெய்வங்களின் வழிபாடு அப்போதே பரவியிருந்ததற்கு இவை ஆதாரம் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே சுட்டிக்காட்டினார்.

எதிர்க்கரை

மேலே உள்ள இரண்டு பதிவுகளையும் மதிப்போடு படித்தேன். ஆயினும் இந்தப் போக்கில் ஓர் ஆபத்து இருப்பதாக நினைக்கிறேன். எல்லோரும் எல்லாத் தெய்வங்களையும் வணங்கி ஒற்றுமையாக வாழ்ந்தார்கள் என்ற இனிப்பான சித்திரத்தை நாம் மிக எளிதில் வரைந்துவிடுகிறோம். அந்தச் சித்திரத்தில் புத்தர் எழுப்பிய கேள்வியின் கூர்மை மழுங்கிப்போகிறது.

ஏறத்தாழ இதே காலத்தில், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பதஞ்சலி, நிலையான பகை உடையவற்றைக் கூட்டாகச் சொல்லும் பாணினியின் விதியை விளக்கும் இடத்தில் "சிரமண-பிராமணம்" (சிரமணர் என்பவர் பௌத்தர் போன்ற வேதம் சாராத துறவிகள்) என்ற தொடரை எடுத்துக்காட்டாகத் தருகிறார். இலக்கண ஆசிரியர் ஒருவர் மாணவருக்கு எடுத்துக்காட்டுச் சொல்லும்போது, எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் சொல்வார். வேள்வியில் உயிர்க்கொலை கூடாது என்பதும், பிறப்பால் ஒருவன் பிராமணன் ஆவதில்லை, செயலால் ஆகிறான் என்று வசல சுத்தம் என்ற புத்தரின் உரையில் வருவதும் மேலோட்டமான கருத்து வேறுபாடுகள் அல்ல. வேள்வியை நம்பி வாழ்ந்த ஒரு சமூக அமைப்பின் அடித்தளத்தையே அவை தொடுகின்றன. மௌரியருக்குப் பின் ஆண்ட சுங்க மரபின் முதல் அரசன் புஷ்யமித்திர சுங்கன் விகாரங்களை இடித்ததாகவும், பிக்குவின் தலைக்கு விலை வைத்ததாகவும் பௌத்த நூல்களே கூறுகின்றன. இவற்றை ஒதுக்கிவைத்துவிட்டுப் பெயர்ப் பட்டியலை மட்டும் வைத்து முடிவுக்கு வரலாமா?

கல்லெழுத்து

எதிர்க்கரை அவர்களுக்கு: பதஞ்சலியின் எடுத்துக்காட்டை நீங்கள் கொண்டுவந்தது சரி, அதைத் தவிர்த்துவிட்டு இந்தக் காலத்தைப் பேச முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

புஷ்யமித்திரன் கதை வேறு. அது அசோகரைப் பற்றிய பௌத்தக் கதை நூலான அசோகாவதானத்தின் மரபில் வருகிறது. ஒரு சிரமணனின் தலைக்கு நூறு தீனாரம் தருவேன் என்று அவன் அறிவித்ததாக அந்நூல் சொல்கிறது. தீனாரம் என்ற சொல் உரோமானிய தெனாரியஸ் நாணயத்திலிருந்து வந்தது; புஷ்யமித்திரன் காலத்துக்குப் பின்னரே அது இந்திய வழக்கில் நுழைந்தது. எனவே கதை இன்றுள்ள வடிவத்தில் பல தலைமுறைகள் கழித்து எழுதப்பட்டது என்பது தெளிவு. அதனால் அவன் எந்தத் தீங்கும் செய்யவில்லை என்று நான் வாதிட மாட்டேன். சாஞ்சியை ஆராய்ந்த ஜான் மார்ஷல், அசோகரின் செங்கல் தூபி சுங்கர் தொடக்கத்தில் சேதமாகியிருக்கலாம் என்று கருதினார். அவன் இரண்டு அசுவமேதம் செய்தவன் என்பதை அயோத்தியில் கிடைத்த தனதேவனின் கல்வெட்டு உறுதிப்படுத்துகிறது. வேள்வியை உயர்த்திப்பிடித்த அரசன்தான். ஆனால் தூபி கல்லால் பெருகியதும், பர்ஹுத் என்ற இன்னொரு தூபித் தலத்தில் புதிய வேதிகை எழுந்ததும் சுங்கர் காலத்துக்குள்தான். பர்ஹுத்தின் கிழக்கு வாயிலில் "சுங்கர்களின் ஆட்சியில்" என்றே எழுதப்பட்டிருக்கிறது. அங்கே முதல் கம்பத்தைக் கொடுத்தவள் விதிசையைச் சேர்ந்த ரேவதிமித்திரனின் மனைவி சாபதேவா. விதிசையிலிருந்து இன்றைய சத்னா மாவட்டத்தில் உள்ள பர்ஹுத் வரை நீண்ட வழி. வேள்வியை உயர்த்திப்பிடித்த அரச மரபின் காலத்தில், விதிசையைச் சேர்ந்த ஒரு பெண் அவ்வளவு தொலைவில் தன் பெயரை முதல் கம்பத்தில் வெட்டச் செய்திருக்கிறாள்.

என் கருத்து இதுதான்: பகை இருந்தது, அது ஆசிரியர்களின் பகை. சிரமணரும் பிராமணரும் அரசனின் ஆதரவுக்கும், மாணவருக்கும், கொடைக்கும் போட்டியிட்டவர்கள். அவர்கள் வாதிட்டதில் உயிரான விஷயங்கள் இருந்தன. கொடுப்பவரின் உலகம் வேறு வகையில் அமைந்திருந்தது. கொடுப்பவர் இரு பக்கமும் கொடுக்கலாம். கொடுத்ததால் தம் ஊரையும், குலத்தையும், வீட்டுத் தெய்வத்தையும் விட்டு வெளியேற வேண்டியதில்லை. அசோகரின் 12ஆம் பாறைக் கட்டளை எல்லாப் "பாசண்டங்களையும்" (சமயப் பிரிவுகளையும்) மதிக்கச் சொல்கிறது; தன் பிரிவைப் புகழ்ந்து பிறர் பிரிவை இகழ்பவன் தன் பிரிவுக்கே கேடு செய்கிறான் என்கிறது. அப்படி ஒரு கட்டளை தேவைப்பட்டது என்பதே இகழ்தல் நடந்துகொண்டிருந்தது என்பதற்குச் சான்று. அந்த வகையில் நீங்கள் சொன்னதையும் அது உறுதிசெய்கிறது.

தறிக்குழி

நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் என் கண் எப்போதும் மகாராட்டிரத்து நாசிக்கின் பௌத்தக் குகைகளில் பத்தாவதற்கே போகும். அதை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இரு பக்கமும் கொடுத்தல் என்று மேலே சொல்லப்பட்டது அங்கே கணக்கு வழக்கோடு கிடைக்கிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கு இந்தியாவை ஆண்ட சத்ரபன் (சகர் வழி ஆட்சியாளன்) நகபானனின் மருமகன் உஷவதாதன். அவன் தன் கொடைகளைக் கல்லில் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறான். மூன்று இலட்சம் பசுக்கள். தேவர்களுக்கும் பிராமணர்களுக்கும் பதினாறு ஊர்கள். ஆண்டு முழுவதும் ஓர் இலட்சம் பிராமணர்களுக்கு உணவு. பிரபாசத்தில் பிராமணர்களுக்குத் திருமணம் செய்துவைக்க எட்டுப் பெண்கள். பருகச்சம், தசபுரம், கோவர்த்தனம், சோர்ப்பாரகம் ஆகிய ஊர்களில் தங்குமிடங்கள். எண்களில் புகழ்ச்சி கலந்திருக்கலாம். இவ்வளவும் சொன்ன பிறகு, திரிரஸ்மி என்ற இந்த நாசிக் மலையில் நான்கு திசைச் சங்கத்தின் பிக்குகளுக்காக இந்தக் குகையைக் குடைவித்தேன் என்கிறான். அதே கல்வெட்டு, அதே வாய், அதே பெருமிதம்.

என்னை ஈர்ப்பது அதன் பிறகு வரும் முதலீடு. மொத்தம் 3,000 கார்ஷாபண நாணயங்களை அவன் கோவர்த்தனத்தில் இருந்த நெசவாளர் சேணிகளிடம் (தொழிற்குழுக்களிடம்) வைப்பாகக் கொடுக்கிறான். ஒரு சேணியிடம் 2,000, மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி. இன்னொரு சேணியிடம் 1,000, மாதம் நூற்றுக்கு முக்கால் வட்டி. முதலைத் திரும்பக் கேட்கக் கூடாது, வட்டியை மட்டுமே துய்க்க வேண்டும். 2,000க்கு மாதம் 20, ஆண்டுக்கு 240. அந்தக் குகையில் மழைக்காலம் தங்கும் 20 பிக்குகளுக்கு ஆளுக்கு 12 கார்ஷாபணம் சீவர (துறவாடை)ச் செலவு என்று அவன் குறித்திருக்கிறான். இருபதைப் பன்னிரண்டால் பெருக்கினால் சரியாக 240. கணக்கு ஒரு காசும் பிசகவில்லை. துறவியின் ஆடைக்கு வழி செய்ய, ஆடை நெய்பவரிடமே பணத்தை வைத்திருக்கிறான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது நெசவாளர் சேணியின் நிலை. நூற்றாண்டுகள் நிலைத்து நிற்கும் என்று நம்பித் தலைமுறை தலைமுறைக்கான முதலை ஒப்படைக்கும் அளவுக்கு அவர்கள் நாணயம் பெற்றிருந்தார்கள். அந்தக் கொடை நகரசபையில் பதிவும் செய்யப்பட்டது. பௌத்தமும் வைதிகமும் எப்படி வாதிட்டன என்பதை நூல்களில் படிக்கலாம். அவை எப்படி உண்டன, உடுத்தன என்பதை இப்படிப்பட்ட கல்வெட்டுகளில்தான் படிக்க முடியும். தறியில் உட்கார்ந்தவர்கள் இல்லாமல் அந்தக் குகையில் மழைக்காலம் கழிந்திருக்காது.

எதிர்க்கரை

தறிக்குழி தோழர் சொன்ன கணக்கு அருமை. அதை மறுக்க எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அதே நாசிக்கில் உள்ள இன்னொரு கல்வெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். நகபானனின் மரபை வென்ற, தக்காணத்தை ஆண்ட சாதவாகன அரசன் கௌதமீபுத்திர சாதகர்ணியைப் பற்றி அவன் தாய் கௌதமி பலசிரி, பேரன் புலுமாவியின் 19ஆம் ஆட்சியாண்டில் மூன்றாம் குகையில் எழுதிவைத்தது அது. தன் மகனை அவள் "ஏகபம்மணன்", அதாவது ஒப்பற்ற பிராமணன் என்கிறாள். க்ஷத்திரியர்களின் செருக்கையும் மானத்தையும் அடக்கியவன் என்கிறாள். நான்கு வருணங்களும் கலப்பதைத் தடுத்து நிறுத்தியவன் என்கிறாள். இந்தச் சொற்கள் வெட்டப்பட்டிருக்கும் குகையோ பத்ராயனீயம் என்ற பௌத்தப் பிரிவின் பிக்குகளுக்கு அவள் கொடுத்த தானம்.

அந்தப் பிக்குகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். வருணத்தைக் காத்தவன் என்ற புகழுரை தம் குடியிருப்பின் வாயிலில் நிற்க அவர்கள் இடம் கொடுத்தார்கள். நான் இதைப் பழியாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடு சொல்கிறேன். சங்கம் நிலத்தையும் வட்டியையும் நம்பி வாழத் தொடங்கிய பிறகு, கொடுப்பவனின் சமூகத்தைக் கேள்வி கேட்கும் வாய் மெல்ல அடங்கிவிட்டது என்பதற்கு இது சான்றாகாதா? கௌதமீபுத்திரன் தன் 18ஆம் ஆட்சியாண்டில் இதே மலைத் துறவிகளுக்கு 200 நிவர்த்தன (பழைய நில அளவு) நிலம் கொடுத்தான். அந்த நிலம் முன்பு உஷவதாதன் துய்த்தது. வென்றவன் தோற்றவனின் கொடையாளி இடத்தில் தன்னை அமர்த்திக்கொள்கிறான். இதில் பக்தியைவிட ஆட்சி நிறுவுதலே அதிகம் தெரிகிறது.

கருங்கற்பாதை

எதிர்க்கரை எழுப்பியதை நான் வேறு முனையிலிருந்து தொடர்கிறேன். சங்கத்தின் வாய் முழுவதும் அடங்கிவிட்டது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே வேளையில், தொடக்கத்திலும் அது எல்லாக் கட்டுகளையும் உடைக்கவில்லை. விநயம் எனப்படும் துறவியர் விதி நூலின் மகாவக்கப் பகுதி, தப்பி வந்த அடிமையையும், கடன்பட்டவனையும், அரசனின் படைவீரனையும் சங்கத்தில் சேர்க்கத் தடை விதிக்கிறது. உரிமையாளனோடும், கடன் கொடுத்தவனோடும், அரசனோடும் மோதாமல் இருக்கும் ஏற்பாடு அது.

ஆனால் கொடைக் கல்வெட்டு வருணத்தைக் கேட்கவில்லை என்பதன் எடையை நாம் குறைக்கக் கூடாது. ஆந்திரத்து அமராவதித் தூபியைச் சேர்ந்த ஒரு கல் இருக்கிறது. நிறைகுடம் செதுக்கிய பலகை அது. நாகன் என்ற ஆசிரியரின் மகனும் தோல் தொழிலாளியுமான விதிகன், தன் தாய், மனைவி, உடன்பிறந்தார், மக்கள் ஆகியோருடன் சேர்ந்து கொடுத்தது. "சம்மகார" என்ற தொழிற்பெயரை அவன் மறைக்கவில்லை. அதே வரியில் தன் தந்தையை "உபாத்தியாயர்" என்கிறான். தோலில் வேலை செய்பவனின் தந்தை கற்பிப்பவராக இருந்தார் என்பதையும், அந்தக் குடும்பம் புத்தரின் மகாசேதியத்தில் (பெரிய தூபியில்) தன் பெயரை எழுதும் தகுதி பெற்றிருந்தது என்பதையும் ஒரே கல் சொல்கிறது. தரும நூல்கள் தோல் தொழிலாளிக்கு எந்த இடத்தை ஒதுக்கின என்பதை அறிந்தவர்களுக்கு, இது சிறிய செய்தி அல்ல. என் முன்னோரைப் போன்றவர்களின் பெயர் கௌரவத்தோடு கல்லில் நிற்கும் இடங்கள் மிகச் சில. அதனால்தான் இந்த ஒரு வரியை நான் பல ஆண்டுகளாக மனத்தில் சுமக்கிறேன்.

அகல்

இதுவரை யாரும் பிக்குணிகளைப் பற்றி நின்று பேசவில்லை. சாஞ்சியின் கல்வெட்டுகளில் அவர்கள் ஏதோ ஓரிருவராக வரவில்லை. பிக்குகளின் எண்ணிக்கைக்கு அருகே வரும் அளவில் பிக்குணிகள் கொடையாளராக நிற்கிறார்கள். இல்லறப் பெண்களும் பெருந்தொகையினர். அவர்களில் பலர் "இன்னாருடைய தாய்" என்று மகன் வழியே அறிமுகமாகிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் பிக்குணி அப்படி யாருடைய தாயாகவும் மனைவியாகவும் தன்னைச் சொல்ல வேண்டியதில்லை. தன் பெயர், தன் ஊர், பிக்குணி என்ற நிலை, அவ்வளவே. ஒரு பெண் தன்னை ஓர் ஆணின் வழியே சொல்லாமல் கல்லில் நிற்க அந்தக் காலத்தில் வேறு எத்தனை வழிகள் இருந்தன?

பொன்னையும் வெள்ளியையும் தொடக் கூடாது என்று விநயம் தடுத்த துறவிகள் எப்படிக் கல் கம்பம் கொடுத்தார்கள் என்று சிலர் வியப்பார்கள். விதி நூல் ஒன்று சொல்ல, வாழ்க்கை வேறொன்றைச் செய்திருக்கிறது. துறந்த பின்னும் குடும்பச் சொத்தில் சிலருக்குப் பங்கு இருந்திருக்கலாம். மற்றவர்களிடம் திரட்டிக் கொடுத்திருக்கலாம். எப்படியாயினும், பிக்குணி கொடுத்தாள் என்பதைக் கல் சொல்கிறது. புத்தரின் வளர்ப்புத் தாய் மகாபிரஜாபதி கௌதமிக்குச் சங்கத்தில் இடம் கொடுத்தபோது எட்டுக் கடுமையான விதிகள் விதிக்கப்பட்டதாகவும், நூறாண்டு துறவு கண்ட பிக்குணியும் அன்று துறவேற்ற பிக்குவை எழுந்து வணங்க வேண்டும் என்று அவற்றில் ஒன்று கூறுவதாகவும் நூல் மரபு உண்டு. அந்த விதிகளைப் படித்துவிட்டுப் பெண்களுக்குச் சங்கத்தில் இடமே இல்லை என்று முடிவு கட்டுபவர்கள், சாஞ்சியின் வேதிகையை ஒருமுறை சுற்றிவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடம் குறுகலாக இருந்தது. அந்தக் குறுகலான இடத்தை அவர்கள் நிறைத்தார்கள்.

மாடக்குளம்

ஒரு சிறு குறிப்பு மட்டும். ஊர், தொழில், பெயர் என்ற இதே வரிசையில் நம் பக்கத்திலும் கொடைக் கல்வெட்டுகள் உண்டு. மதுரைக்கு அருகே அழகர்மலையில் தமிழ் பிராமியில் உப்பு வணிகன், கொழு (கலப்பை முனை) வணிகன், அறுவை (துணி) வணிகன் என்று தொழிலோடு பெயர்கள் வருகின்றன. அவை பெரும்பாலும் சமணத் துறவிகளுக்குச் செய்த கொடைகள் என்பதால் பௌத்தத்தோடு சேர்த்துவிடக் கூடாது. ஆயினும் துறவியின் குகைக்கு வணிகர் கொடுத்து, தம் தொழிலைப் பெருமையோடு எழுதும் வழக்கம் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதைக் காட்ட இது போதும்.

வேத்திரவதி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்ட கேள்வியைவிட நீங்கள் கொடுத்த விடைகள் பெரியவை. படித்த பிறகு சாஞ்சியில் எடுத்த குறிப்புகளைத் திரும்பப் புரட்டினேன். அப்போது பொருள் விளங்காமல் எழுதிவைத்த மூன்று செய்திகள் இப்போது ஒன்றோடொன்று சேர்கின்றன.

முதலாவது, தெற்கு வாயிலில் "வேதிஸகேஹி தந்தகாரேஹி ரூபகம்மம் கதம்" என்று ஒரு வரி உள்ளது. விதிசையின் தந்த வேலைக்காரர்கள் இந்தச் சிற்ப வேலையைச் செய்தார்கள் என்பது பொருள். அதே வாயிலில் சாதகர்ணி அரசனின் கைவினைஞர் தலைவனான வாசிட்டியின் மகன் ஆனந்தனின் கொடையும் உண்டு. யானைத் தந்தத்தில் நுண்ணிய வேலை செய்து பழகிய விரல்கள் கல்லில் இறங்கியதை, அந்தத் தோரணத்தின் நெருக்கமான உருவங்களைப் பார்த்தவர் உடனே நம்புவார்.

இரண்டாவது, தாமரை மேல் ஒரு பெண், இருபுறமும் இரண்டு யானைகள் அவள்மேல் நீர் ஊற்றுவது போன்ற சிற்பம் அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. என்னுடன் வந்த என் தாயார் எதையும் கேட்காமல் கைகூப்பி "கஜலட்சுமி" என்றார். பிரெஞ்சு அறிஞர் ஃபூஷே அதைப் புத்தரின் பிறப்பாகவும், அந்தப் பெண்ணை மாயாதேவியாகவும் கொண்டார். வேறு பலர் அவளை ஸ்ரீ என்ற திருமகளாகவே கொள்கிறார்கள். பர்ஹுத்தில் "சிரிமா தேவதை" என்று பெயர் பொறித்த உருவமே இருப்பதால், நான் என் தாயாரின் பக்கம் சாய்கிறேன். செழிப்பின் தெய்வம் எந்த ஆசிரியருக்கும் முந்தியவள். அவளைக் கொண்டுவந்து தூபியின் வாயிலில் நிறுத்தியவர்கள் தந்த வேலைக்காரர்களும் கொடையாளருமே.

மூன்றாவது, எதிர்க்கரை அவர்கள் கவனிக்க வேண்டியது. பகை சிரமணருக்கும் பிராமணருக்கும் இடையில் மட்டும் இருக்கவில்லை. தெற்கு வாயிலருகே உடைந்து கிடக்கும் அசோகர் தூணின் கட்டளை, சங்கத்தைப் பிளப்பவர் பிக்குவாயினும் பிக்குணியாயினும் வெள்ளாடை உடுத்தச் செய்து, குடியிருப்புக்கு வெளியே அனுப்பப்பட வேண்டும் என்கிறது. வாயில்கள் எழுந்த காலத்தில் இன்னொரு கல்வெட்டு, காகணாவத்திலிருந்து, அதாவது சாஞ்சியிலிருந்து, கல் வேலையைப் பெயர்த்து வேறோர் ஆசிரிய மரபுக்குக் கொண்டுசெல்பவன், தாயையோ தந்தையையோ அருகதரையோ (முழு ஞானம் பெற்ற துறவியையோ) கொன்றவன் அடையும் கதியை அடைவான் என்று சபிக்கிறது. கல்லைத் திருடக்கூடியவர் வேறு சமயத்தார் என்று அந்தச் சாபம் நினைக்கவில்லை; வேறு ஆசிரியரின் பௌத்தர் என்றே நினைக்கிறது.

எதிர்க்கரை

காகணாவச் சாபத்தை நான் அறிந்திருக்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். ஆசிரியரின் பகை, கொடுப்பவரின் உலகம் என்று கல்லெழுத்து அவர்கள் பிரித்ததும் இப்போது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஒரு திருத்தத்தோடு மட்டும்: கொடுப்பவரின் உலகத்தில் அமைதி இருந்தது என்பதால் அங்கே நியாயம் இருந்தது என்று ஆகிவிடாது. விதிகனின் கல்லும், வருணக் கலப்பைத் தடுத்தவன் என்ற புகழுரையும் ஒரே தக்காணத்தில், சாதவாகன ஆட்சி நீண்ட அதே சில தலைமுறைகளுக்குள், பௌத்த இடங்களிலேயே நிற்கின்றன. இரண்டையும் சேர்த்தே படிப்போம்.

வேத்திரவதி அவர்களிடம் ஒரு கேள்வி. பேஸ்நகர்த் தூணை இன்று யார் கவனிக்கிறார்கள்? அதை உள்ளூர் மக்கள் வழிபட்டுவந்ததாகப் படித்திருக்கிறேன்.

வேத்திரவதி (இழையைத் தொடங்கியவர்)

ஆம், அதை "காம் பாபா" என்று ஊரார் அழைக்கிறார்கள். தூண் ஐயா என்று நம் மொழியில் சொல்லலாம். 1877இல் தொல்லியலாளர் கன்னிங்காம் அங்கே வந்தபோது தூணில் செந்தூரம் தடிப்பாகப் பூசப்பட்டிருந்தது. அதனால் எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு செந்தூரம் அகற்றப்பட்டபோதுதான் ஹெலியோடோரஸின் பெயர் வெளியே வந்தது. 1963 முதல் 1965 வரை நடந்த அகழாய்வில், தூணுக்கும் முந்தைய நீள்வட்ட வடிவக் கோயில் ஒன்றின் அடித்தளம் அதே இடத்தில் கிடைத்தது. யவனத் தூதன் கருடனை நிறுத்தியபோது அந்த இடம் ஏற்கெனவே வழிபாட்டில் இருந்தது. இப்போது அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நான் போன அன்று காலையில் தூணின் மேடை ஓரத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன சாமந்திப் பூக்கள் இருந்தன.